மலையேறி வந்த விறைப்பு மருந்து

பீரங்கிக்குப் பேர்போன போஃபோர்ஸ் நிறுவனத்தில்தான் பியூபிவகெயின் பிறந்தது. சுவீடன் வேதியியலாளர் போ ஆஃப் எகென்ஸ்டாமின் குழு 1957இல் அதைச் செய்தது. நரம்புக்குள் சோடியம் நுழையும் வாசலை அடைத்து, வலி மூளைக்குப் போகாமல் மறிக்கும் மருந்து. இன்னொரு விறைப்பு மருந்தான லிக்னோகெயினைவிட நீண்ட நேரம் நிற்கும். ஆனால் தவறி இரத்தக்குழாயில் இறங்கினால் இதயத்தையே நிறுத்திவிடும் என்று 1979இல் அமெரிக்க மருத்துவர் ஆல்பிரைட் எச்சரித்தார். பிறகு அங்கே பிரசவத்துக்கு 0.75 வீதக் கரைசல் கூடாது என்றானது.

இன்று நம் மலைநாட்டில் சிசேரியன் செய்யும் வைத்தியசாலைகளுக்கு அது 4 மில்லிலீட்டர் கண்ணாடிக் குப்பியில் வருகிறது. 0.5 வீத மருந்து, கூடவே குளுக்கோஸ். முதுகில் ஊசியாகப் போட்டால், முதுகுத்தண்டு நீரைவிடக் கனமானதால் கீழ்நோக்கி இறங்கும். மேசையைச் சரித்தே எதுவரை விறைக்க வேண்டும் என்பதை மருத்துவர் பார்த்துக்கொள்வார். தாய் விழித்திருந்து பிள்ளையின் முதல் அழுகையைக் கேட்பாள். இரண்டு மூன்று மணி நேரத்தில் கால் அசையும். வயிற்று வலியும் அப்போதுதான் எழும்.

அந்த வலிக்கும் இதே மருந்தை வேறு வழியில் கொடுத்துப் பார்த்தார்கள். வயிற்றுத் தசைகளின் அடுக்குகளுக்கிடையே ஊசி போடும் முறையை மருத்துவர் ரஃபி 2001இல் எழுதினார். 2007இல் அயர்லாந்தில், குடல் அறுவை செய்துகொண்ட 32 பேரிடம் அந்த வகை ஊசியைச் சோதித்தபோது, முதல் 24 மணி நேரத்துக்குத் தேவைப்பட்ட மார்பின் சராசரி 80 மில்லிகிராமிலிருந்து 22க்கு இறங்கியது. சிசேரியனில் முதுகு ஊசியோடு மார்பினும் சேர்ந்திருந்தால் இந்த ஊசியால் கூடுதல் பயன் குறைவு என்பது பின்னர் தெரிந்தது. மார்பின் கொடுக்காத இடத்தில்தான் இது கைகொடுக்கும்.

இத்தகைய சோதனைகளில் பெரும்பாலும் 0 முதல் 10 வரை வலி எவ்வளவு என்று கேட்பார்கள். கொழுந்துக் கூடையோடு மலையேறிப் பழகிய பெண்ணிடம் அசையாமல் படுத்திருக்கும்போது கேட்டால், "பரவாயில்லைங்க" என்பாள். இருமும்போது, எழும்பும்போது, பிள்ளையைத் தூக்கும்போது கேட்க வேண்டும். தமிழில் கேட்க வேண்டும். வலிக்குப் பயந்து இருமாமல் கிடந்தால் நெஞ்சில் சளி கட்டும். நடக்காமல் கிடந்தால் காலில் இரத்தம் உறையும். வலியைப் பொறுப்பது பெருமையென்று வளர்த்துவிட்டோம். அது அவளுக்குச் செய்த அநியாயம்.

உங்கள் வீட்டுப் பெண் வார்டில் இருந்தால், அடுத்த வலி மருந்து எத்தனை மணிக்கு என்று தாதியிடம் கேளுங்கள். அதற்கு முன்பே வலித்தால் தாதியைக் கூப்பிடும்படி அவளிடம் சொல்லுங்கள்.