‘ஏன் வேணும்?’ - சஹனாவும் 200 மீற்றரும்

எங்கட வயசு ஆக்களுக்கு 2004 சுனாமி பெரும்பாலும் மூத்தவங்க சொல்லும் கதைதான். இலங்கையில் ஆகக் கூடுதலான உயிர்கள் போனது எங்கட அம்பாறை மாவட்டத்தில், பத்தாயிரத்துக்கும் மேல். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, கீழே அறுகம்பே வரைக்கும் கரை முழுக்க அடிபட்டது. அந்தக் கதைகளில் வராத ஒரு மென்பொருளைப் பற்றி இங்கே எழுதுகிறோம்.

அதன் பெயர் சஹனா. சிங்களத்தில் நிவாரணம் என்று அர்த்தம். கொழும்பில் லங்கா சொஃப்ட்வெயார் ஃபவுண்டேஷனோடு சேர்ந்த தொண்டர்கள் அலை அடித்த சில வாரங்களுக்குள் எழுதினார்கள். காணாமல் போனோர், முகாம்கள், உதவி நிறுவனங்கள், யாருக்கு என்ன தேவை என்று தனித்தனிப் பதிவுகள். பிறகு பாகிஸ்தான் பூகம்பத்துக்கும் பிலிப்பைன்ஸ் மண்சரிவுக்கும் போனது. இலவச மென்பொருள் அறக்கட்டளையின் 2006ஆம் ஆண்டுக்கான சமூகநல விருதும் கிடைத்தது. இலங்கையில் எழுதிய நிரல் இப்படி வெளியே போனது நாங்க பாடப்புத்தகத்தில் படிக்காத வரலாறு.

இப்படி ஒன்றை எழுதும்போது முதலில் என்ன கேட்பாங்க? “காணாமல் போனவங்கட பட்டியல் வேணும்.” சரி, ஏன் வேணும்? நானாவைத் தேடுற தங்கச்சி அவரைக் கண்டுபிடிக்க. இப்படிக் கேட்டதுமே வெறும் பெயர்ப் பட்டியல் போதாது என்று விளங்கும். முகம்மது இஸ்மாயில் என்று எங்கட ஊரொன்றிலேயே எத்தனை பேர்! ஒரே பெயரை ஆங்கிலத்தில் மூன்று விதமா எழுதுவாங்க. வாப்பாட பெயர் வேணும், ஊர் வேணும், கடைசியா எந்த முகாமில் கண்டது என்றும் வேணும். எல்லாத்தையும் எல்லாருக்கும் திறந்து வைத்தா, தனிச்சுப் போன பிள்ளையின் விபரம் தப்பான கைக்கும் போகும். தேடித்தரணும் என்ற இலக்கும் பாதுகாக்கணும் என்ற இலக்கும் மோதுற இடம் இது.

மென்பொருள் ஆய்வில் இந்த ‘ஏன்’ ஒரு முறையாகவே வளர்ந்தது. 1993இல் டார்டென், வான் லாம்ஸ்வேர்டே, ஃபிக்காஸ் மூவரும் எழுதிய கட்டுரை, மென்பொருள் என்ன செய்யணும் என்பதை இலக்குகளிலிருந்து பெற வேண்டும் என்றது. ‘ஏன்’ கேட்டா மேலே பெரிய இலக்குக்கு ஏறலாம், ‘எப்படி’ கேட்டா கீழே செய்யக்கூடிய வேலைக்கு இறங்கலாம். கேயாஸ் என்று அதுக்குப் பெயர். ரொறொன்ரோவில் எரிக் யூ 1995இல் தன் ஆய்வேட்டில் இன்னொன்றைச் சேர்த்தார்: யார் யாரை நம்பி இருக்காங்க என்பதையும் வரையணும். எங்களுக்கு இதுதான் கூடுதலாகப் பிடித்தது.

மென்பொருளுக்கு வெளியிலும் இதைப் போட்டுப் பார்க்கலாம். சுனாமிக்குப் பிறகு வடக்கு கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டக்கூடாது என்று அரசாங்கம் சொன்னது. மற்றக் கரைகளில் 100 மீற்றர். ஏன்? உயிர் காக்க. நல்ல இலக்குதான். ஆனா அறுகம்பே மீனவருக்குத் தோணியும் வலையும் கண் பார்வையில் இருக்கணும், விடியமுன் கடலுக்கு இறங்கணும். 200 மீற்றர் என்பது ‘எப்படி’க்கு ஒரு பதில் மட்டும். எச்சரிக்கைச் சத்தம், ஓடித் தப்பப் பாதை, உயரமான கட்டிடம் என்று வேற பதில்களும் இருந்தன. ஹோட்டலுக்குச் சலுகை, மீனவர் வீட்டுக்குத் தடையா என்று அப்பவே ஆக்கள் கேட்டாங்க. பிறகு அந்தத் தூரம் தளர்த்தப்பட்டது, ஆனா அதுக்குள்ள பலர் மாதக்கணக்கில் தற்காலிகக் கொட்டில்களில் கிடந்துட்டாங்க.