ஓரெழுத்தில் இரு மொழி: ஈழத்து முஸ்லிம் இல்லங்களில் அறபுத் தமிழ்

ஈழத்துக் கல்வி வரலாற்றை எழுதியோர் பெரும்பாலும் பாடசாலைகளின் வரலாற்றையே எழுதினர். திண்ணைப் பள்ளிகள், மிஷனரிப் பாடசாலைகள், அரசினர் பாடசாலைகள் என அவ்வரலாறு படிப்படியாக விரியும். இவ்வளவுகோல் கொண்டு நோக்குமிடத்து, 19ஆம் நூற்றாண்டு முஸ்லிம் சமூகம் கல்வியிற் பின்தங்கிய சமூகமாகவே தோன்றும். மதமாற்றம் நேருமென்ற அச்சத்தால் முஸ்லிம் பெற்றோர் பலர் தம் பிள்ளைகளை மிஷனரிப் பாடசாலைகளுக்கு அனுப்பாது விட்டனர் என்பது உண்மையே. ஆயினும், பாடசாலைக்குச் செல்லாத பிள்ளைகள் அனைவரும் எழுத்தறியாதோர் எனக் கொள்வது பொருந்தாது. ஒரே எழுத்தின் துணையால் இரு மொழிகளை வாசிக்கப் பழகியோர், சிறப்பாகப் பெண்கள், அச்சமூகத்தின் இல்லங்களில் வாழ்ந்தனர். அதற்கு வழிசெய்தது அறபுத் தமிழ்.

அறபுத் தமிழ் என்பது தனியொரு மொழியன்று. தமிழை அறபெழுத்தில் வலமிருந்து இடமாக எழுதும் முறையே அப்பெயரால் வழங்கிற்று. அறபு மொழிக்குரிய எழுத்துக்கள் 28. அவற்றுள் ப, ட, ண, ள, ழ முதலான தமிழொலிகளுக்கு எழுத்தில்லை. எ, ஒ ஆகிய உயிர்களுக்குக் குறியுமில்லை. எனவே இருந்த எழுத்துக்களிற் புள்ளிகளையும் குறிகளையும் கூட்டியும் மாற்றியும் புதிய வடிவங்கள் ஆக்கப்பட்டன.

இம்முறை தோன்றியமைக்கு மொழிவழிக் காரணமும் உண்டு. அறபில் இதயத்தைக் குறிக்கும் சொல்லும் நாயைக் குறிக்கும் சொல்லும் முதலெழுத்தொலியால் வேறுபடுவன. தமிழில் எழுதினால் இரண்டும் ‘கல்பு’ என ஒன்றாகிவிடும். மார்க்க நூல்களில் இத்தகைய மயக்கத்துக்கு இடமளிக்க அறிஞர்கள் விரும்பவில்லை. அறபெழுத்திலேயே தமிழையும் எழுதியபோது, அறபுச் சொல் தன் வடிவில் நின்றது. தமிழ் வாக்கியம் அதனைத் தழுவிச் சென்றது.

குழந்தை இவ்வெழுத்தைக் கற்ற முறையே ஈண்டு முதன்மையாக நோக்கத்தக்கது. ஆண்பிள்ளைகள் லெப்பையிடம் ஓதச் சென்றனர். பெண்பிள்ளைகளுக்கு வீட்டிலோ அயல் வீட்டிலோ ஓதிக் கொடுக்கும் பெண்கள் இருந்தனர். முதலில் எழுத்துக்களின் பெயர். அடுத்து ஜபர், ஜேர், பேஷ் எனும் உயிர்க்குறிகளைச் சேர்த்து ‘அலிபு ஜபர் அ, அலிபு ஜேர் இ, அலிபு பேஷ் உ’ என எழுத்துக் கூட்டுதல். பின்னர் குர்ஆனின் சிறு அத்தியாயங்கள். இறுதியில் முப்பது பாகங்களையும் ஓதி முடித்தல். இவ்வாறு ஓதிய குழந்தைக்கு ஓசை தெரியும், பொருள் தெரியாது. தாய்மொழியை முதலில் வாசித்துப் பின்னரே பிறமொழிக்குச் செல்வது பாடசாலை வழக்கம். இங்கோ அவ்வொழுங்கு தலைகீழாயிற்று.

ஆனால் அவ்வுழைப்பு ஓசையோடு நின்றுவிடவில்லை. அதே எழுத்தில், குர்ஆனைப் போலவே உயிர்க்குறிகள் இடப்பட்ட தமிழ் நூல் கைக்கு வந்தபோது, குழந்தை கூட்டி வாசித்த ஒலி வீட்டில் நாளும் பேசும் சொல்லாக ஒலித்தது. புதிதாகக் கற்கவேண்டியிருந்தவை தமிழொலிகளுக்கான சில எழுத்துக்களே. இரண்டாம் மொழியை வாசிக்க இரண்டாம் முறை அரிச்சுவடி தொடங்கவேண்டிய தேவை எழவில்லை. தொழுகை, நோன்பு பற்றிய நூல்கள், மாலைகள், முனாஜாத்துக்கள், தாலாட்டுக்கள் ஆகியன இவ்வழியில் இல்லத்துட் புகுந்தன. கடிதம் எழுதவும் அவ்வெழுத்து உதவிற்று. கீழக்கரையைச் சேர்ந்த மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) இயற்றிய ‘மகானீ’, ‘பத்ஹுத் தய்யான்’ போன்ற மார்க்கச் சட்ட நூல்கள் கடலின் இரு கரைகளிலும் வாசிக்கப்பட்டன. அறபு கற்ற ஆலிம்களிடம் மட்டும் இருந்த அறிவை, அறபு மொழி அறியாத பெண்ணும் தானே வாசித்து அறிய அவை துணைபுரிந்தன. அவளே பின்னர் தன் பிள்ளைக்கு முதலாசிரியை ஆனாள்.

இது முஸ்லிம் தமிழருலகில் மட்டும் நிகழ்ந்ததன்று. மலையாளத்துக்கு அறபு மலையாளம் இருந்தது. மலாய் மொழியும் அறபெழுத்தில் எழுதப்பட்டது. இலங்கை மலாயர் 1869இல் ‘அலாமத் லங்காபுரி’ எனும் இதழை அவ்வெழுத்திலேயே கொழும்பில் வெளியிட்டனர்.

எனினும் இம்முறையின் குறையை மறைத்தல் வரலாறாகாது. அறபெழுத்தை மட்டும் அறிந்தவளுக்கு, தமிழெழுத்தில் இருந்த இலக்கியமும் செய்தியும் அரசாங்க அறிவித்தலும் மூடிய கதவுகளாகவே இருந்தன. மார்க்கம் அறிந்தவள் உலகியலில் பிறரையே நம்பவேண்டியிருந்தது. கண்டியைச் சேர்ந்த சட்டத்தரணி எம். ஸி. சித்திலெப்பை (1838–1898) பாடசாலைக் கல்வியை, பெண்கல்வி உட்பட, வற்புறுத்தியமை இச்சூழலிலேயே விளங்கும். 1882இல் ‘முஸ்லிம் நேசன்’ இதழைத் தொடங்கி, 1885இல் ‘அஸன்பேயுடைய சரித்திர’த்தை வெளியிட்ட அவர், தம் சமூகத்தைப் பரந்த வாசிப்புலகுக்கு அழைத்தார். பின்னர் ஸாஹிறாக் கல்லூரியாக வளர்ந்த மத்ரஸா 1892இல் கொழும்பில் தோன்றிற்று. 1945இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தபின் பாடசாலையும் தமிழெழுத்தும் மேலும் பல இல்லங்களை எட்டின.

அதனால் விளைந்த நன்மை பெரிது. அதற்குக் கொடுத்த விலையும் சிறிதன்று. இன்றைய பிள்ளை குர்ஆன் மத்ரஸாவில் அறபெழுத்தையும் பாடசாலையில் தமிழெழுத்தையும் கற்கிறது. இரண்டையும் இணைத்த பாலம் மட்டும் இல்லை. மூத்தம்மா வாசித்த நூலின் எழுத்தும் தெரியும், மொழியும் தெரியும். ஆயினும் அந்நூலை வாசிக்கத் தெரியாத தலைமுறை வளர்ந்துவிட்டது. அலமாரிகளில் அந்நூல்கள் செல்லரித்துப் போகுமாயின் அழிவன ஏடுகள் மட்டுமல்ல. அம்மூத்தம்மா கற்றவள் என்பதற்கான சான்றும் அவற்றோடு அழியும். கல்வி வரலாறு பாடசாலை வரவேடுகளோடு நில்லாமல் இல்லங்களின் உட்கூடங்களையும் கணக்கிற் கொள்ளும்போதே, எழுத்தறியாதோர் என்று ஒதுக்கப்பட்ட அப்பெண்களுக்கு நீதி கிடைக்கும்.