கொம்பனும் குறியெண்ணும்: போடிமெட்டு மலைப்பகுதியில் காட்டு யானைப் பெயர்களின் வரலாறு

போடிமெட்டு, தேனி மாவட்டமும் இடுக்கி மாவட்டமும் கூடும் மலைவாயில் ஆகும். கொச்சியிலிருந்து தனுஷ்கோடிக்குச் செல்லும் நெடுஞ்சாலை இங்கே மாநில எல்லையைக் கடக்கிறது. எல்லைக்கு மேற்கே பூப்பாறை, ஆனையிறங்கல், சின்னக்கானல், சூரியநெல்லி என விரியும் ஏலத்தோட்டங்களிலும் தேயிலைத் தோட்டங்களிலும் தமிழும் மலையாளமும் கலந்து வழங்குகின்றன. யானைகளும் மனிதரும் ஒரே பாதையைப் பயன்படுத்தும் இடம் இது. இப்பகுதி யானைகளுக்கு மக்கள் இட்ட தனிப்பெயர்கள் எவ்வாறு தோன்றின, அவை எல்லை கடந்தபோது எவ்வாறு பொருள் திரிந்தன என்பவற்றை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது. யானையின் நடத்தை பற்றிய விலங்கியல் செய்திகள் பெயராய்வுக்கு வேண்டிய அளவே எடுத்துக்கொள்ளப்பட்டுள்ளன.

முதலில் இடப்பெயர். ஆனையிறங்கல் என்பது யானைகள் நீர்நிலைக்கு இறங்கும் இடம் எனப் பொருள்படும். தமிழ்ப் பேச்சு வழக்கின் ஆனை, மலையாளத்தின் ஆன ஆகிய இரண்டிற்கும் அது பொருந்தும். இரு மொழியினருக்கும் விளக்கம் தேவைப்படாத பெயர். 1960களில் இங்கு அணை கட்டப்பட்டது. நீர்த்தேக்கத்தின் கரையைச் சார்ந்த சின்னக்கானல் பகுதியில், யானைகளின் வழித்தடத்திலேயே, இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் கேரள அரசு நிலமற்ற பழங்குடிக் குடும்பங்களைக் குடியேற்றியது. குடும்பங்களின் எண்ணிக்கையே ஊர்ப்பெயராயிற்று: 301 காலனி. யானையின் வழியைச் சொல்லும் பழம்பெயருக்கு அருகிலேயே மனிதரின் தொகையைச் சொல்லும் புதுப்பெயர் நிற்கிறது. முன்னதைப் பொருளறிந்து படித்திருந்தால் பின்னது அங்கே அமைந்திருக்குமா என்னும் ஐயம் எழுவது இயல்பே. குடியேறியவருள் பலர் பின்னர் அவ்விடத்தை விட்டு நீங்கினர்.

இப்பெயரிலுள்ள ‘இறங்கு’ என்னும் வினை தனியே நோக்கத்தக்கது. மலையாள நாளேடுகள் காட்டு யானை நாட்டில் ‘இறங்கியது’ என எழுதுகின்றன. தமிழ் நாளேடுகள் அதே நிகழ்ச்சியை ஊருக்குள் ‘புகுந்தது’ என எழுதுகின்றன. இறங்குதல் திசையை மட்டும் சுட்டுகிறது. புகுதலில் அத்துமீறல் குறிப்பு ஏறிவிடுகிறது. அதனைத் தொடர்வது ‘அட்டகாசம்’. வடமொழியில் பெருஞ்சிரிப்பைக் குறித்த இச்சொல், தமிழில் அடாத செயலைக் குறித்துப் பின் காட்டு விலங்குச் செய்திகளின் வாடிக்கைச் சொல்லாகிவிட்டது. பசித்த விலங்கு பயிரை உண்பதை இச்சொல் ஒரு போக்கிரியின் செயலாக்குகிறது. விளைநிலத்தில் யானையின் வாயினும் காலே மிகுதியாக அழிக்கும் என்னும் உழவர் அறிவைப் பிசிராந்தையார் புறநானூற்றில் (184) அரசனின் வரிக்கொள்கைக்கு உவமையாக்கினார். அங்கே யானை மீது வெறுப்பு இல்லை. சேதத்தின் அளவு மட்டும் கூறப்படுகிறது.

அச்சம் தரும் விலங்கின் பெயரை நேரே சொல்லாது விடுதல் உலகப் பொதுவான வழக்கு. ரஷ்ய மொழியில் கரடியின் பெயர் முதலில் ‘தேனுண்பது’ எனப் பொருள்பட்டது. மலாய் மக்கள் புலியைப் பாட்டன் முறைவைத்து அழைத்தனர். தமிழில் நாகத்தை நல்ல பாம்பு என்பதை நன்னூல் உரைமரபு கூறும் மங்கலவழக்கில் அடக்கலாம். மலைத்தோட்டங்களில் யானையைச் சாமி என்பதும் இவ்வகையே. ஆனால் இவை அனைத்தும் இனத்தின் பெயரை மறைப்பவை. எந்த நாகமும் நல்ல பாம்பே. எந்த யானையும் சாமியே.

சின்னக்கானல் பெயர்கள் இதற்கு நேர்மாறானவை. அரிக்கொம்பன் நியாயவிலைக் கடைகளையும் வீடுகளையும் உடைத்து அரிசி உண்டவன். சக்கக்கொம்பன் பலாவை விரும்புபவன். முறிவாலன் வால் முறிந்தவன். ரஷ்யக் கரடியும் இந்தக் கொம்பனும் உணவாலேயே பெயர்பெற்றாலும், அங்கே பெயர் மறைக்கிறது, இங்கே பிரித்துக் காட்டுகிறது. வந்திருப்பது அரிக்கொம்பன் என்றால் வீட்டில் அரிசி இருப்பது ஆபத்து. சக்கக்கொம்பன் என்றால் முற்றத்துப் பலாமரமே ஆபத்து. ஆகவே இப்பெயர்கள் சுருக்கப்பட்ட எச்சரிக்கைகள் எனலாம். இந்த அறிவும் முழுக் காப்பு அன்று. யானைகளோடு பேசித் திருப்பி அனுப்புவதில் பேர்பெற்ற வனக்காவலர் ஒருவர் 2023 ஜனவரியில் பன்னியார் தோட்டப் பகுதியில் யானை தாக்கி உயிரிழந்தார். முறிவாலனும் சக்கக்கொம்பனோடு பொருது காயமுற்று 2024 செப்டம்பரில் இறந்தது.

அதே 2023ஆம் ஆண்டு அரிக்கொம்பனைப் பிடிக்கும் முயற்சி கேரள உயர் நீதிமன்றம் வரை சென்றது. பாலக்காடு மாவட்டத்துப் பரம்பிக்குளத்திற்குக் கொண்டுசெல்ல ஏப்ரலில் ஆணை பிறந்தது. முதலமடைப் பகுதி மக்கள் எதிர்த்தனர். ஏப்ரல் 29 அன்று மயக்க ஊசி செலுத்திப் பிடிக்கப்பட்ட யானை பெரியாறு புலிகள் காப்பகத்தில் விடப்பட்டது. அங்கிருந்து மேகமலைக்கும், மே 27 அன்று கம்பம் நகருக்கும் வந்தது. நகரத் தெருக்களில் கூட்டம் கூடியது. 144 தடையுத்தரவு பிறப்பிக்கப்பட்டது. அன்று காயமுற்றவர் ஒருவர் சில நாளில் இறந்தார். ஜூன் 5 அன்று தமிழக வனத்துறை அதனைப் பிடித்துக் களக்காடு முண்டந்துறைக் காப்பகத்தின் மேல்கோதையாறுப் பகுதியில் விட்டது.

இப்பயணத்தில் பெயரும் யானையோடு எல்லை கடந்தது. தமிழில் அரிக்கொம்பன், அரிகொம்பன், அரிசிக்கொம்பன் என மூவகை எழுத்துவடிவங்கள் வழங்கின. இவை வெறும் எழுத்து வேறுபாடுகள் அல்ல. ககரம் மிக்க அரிக்கொம்பன், ‘அரியை உண்ணும் கொம்பன்’ என விரியும் உருபும் பயனும் உடன்தொக்க தொகை. ககரம் மிகாத அரிகொம்பன், அரிவாள் போல வினைத்தொகையாகி, ‘அரியும் கொம்பன்’ எனக் குத்திக் கிழிக்கும் தந்தத்தை நினைவூட்டுகிறது. ஓர் ஒற்று விடுபட்டதும் அரிசி மறைந்து ஆயுதம் தோன்றுகிறது! தமிழில் அரி என்பது அரிந்து போட்ட கதிரைக் குறித்தாலும், நகரத் தமிழருக்கு அச்சொல்லால் அரிசி நினைவுக்கு வருவதில்லை. கொம்பன் என்பதோ, ‘அவன் என்ன பெரிய கொம்பனா?’ என்னும் வழக்கால், எவர்க்கும் அடங்காதவன் என்னும் பொருளை ஏற்கெனவே பெற்றிருக்கிறது. சின்னக்கானலில் ‘அரிசியை மறைத்து வை’ என்று சொன்ன பெயர் கம்பத்தில் ஒரு வீரனின் பட்டமாக ஒலித்தது. மக்கள் காணக் கூடியதற்கு இது ஒன்றே காரணம் என்பது மிகையாகும். எனினும் எச்சரிக்கையாய் இருந்தது விளம்பரமாய் மாறியதில் மொழிபெயர்ப்புக்கும் பங்குண்டு. மூவடிவங்களுள் அரிசிக்கொம்பன் என்பதே கம்பத்து மக்களுக்குப் பயன்பட்டிருக்கும் என்பது இக்கட்டுரையாளர் துணிபு. பொள்ளாச்சிப் பகுதியில் 2019 நவம்பரில் பிடிபட்ட யானையைத் தமிழர் தாமாகவே அரிசி ராஜா என அழைத்திருந்தமை இதற்குச் சான்று.

சக்கக்கொம்பனின் நிலை இன்னும் சிக்கலானது. பொதுத்தமிழில் சக்கை சாறு நீங்கிய கழிவு. குமரி மாவட்டத் தமிழிலோ பலா. ஒரே பெயர் நாகர்கோவிலில் விளங்கும், தேனியில் விளங்காது. எதிர்த்திசையில் சென்ற பெயரும் உண்டு. மூணாறுத் தோட்டங்களில் உலவும் படையப்பா, 1999இல் வந்த ரஜினிகாந்த் படத்தின் பெயரைத் தாங்கியது. அதனை மலையாளத்தில் எவரும் பெயர்க்க முயலவில்லை. பெயர்க்க அதில் எச்சரிக்கைப் பொருளும் இல்லை.

வனத்துறையின் பெயரிடுமுறை வேறு. பாலக்காட்டுப் புறநகரான தோணியில் 2023 ஜனவரி 22 அன்று பிடிக்கப்பட்ட யானை அதுவரை பி.டி.7, அதாவது பாலக்காட்டுக் கொம்பன் ஏழு. பிடிபட்டபின் அது தோணி எனப் பெயர்பெற்றது. அரிசி ராஜா முத்து ஆனது. காட்டில் இருக்கும்வரை எண்ணும், முகாமுக்கு வந்தபின் செல்லப்பெயரும் என்பது அலுவலகத்திற்கு வசதியான முறையாக இருக்கலாம். இரவில் வீடு திரும்புபவருக்கு இரண்டாலும் பயனில்லை.

பயன்படும் மொழிக்கு எடுத்துக்காட்டு பரம்பிக்குளத்தை அடுத்த வால்பாறையில் உள்ளது. அங்கே இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையின் ஆய்வாளர் ஆனந்தகுமாரும் குழுவினரும் உள்ளூர்க் கேபிள் தொலைக்காட்சியின் எழுத்தோட்டத்திலும், பின்னர் கைப்பேசிக் குறுஞ்செய்தியிலும், தொலைவிலிருந்தே காணத்தக்க சிவப்பு விளக்குகளாலும் யானை நிற்கும் இடத்தை மக்களுக்கு அறிவித்தனர். 2015இல் ஆனந்தகுமாருக்கு விட்லி விருது கிடைத்தது. அச்செய்திகளின் உயிர் தோட்டப் பெயர்களிலேயே உள்ளது. எந்தத் தோட்டம் என்பது அங்கு வாழ்பவருக்கு உடனே விளங்கும். ‘மனித-விலங்கு மோதல்’ என்னும் தொடர் அவருக்கு ஒன்றையும் அறிவிப்பதில்லை. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2023இல் வெளியிட்ட வழிகாட்டியின் தலைப்பில் மோதலோடு இணைவாழ்வும் இடம்பெற்றுள்ளது. நம் அலுவலகத் தமிழில் முன்னது மட்டுமே வேரூன்றியுள்ளது.

கலைச்சொல் ஆக்குவோர் கருதவேண்டிய சொல் ஒன்று உண்டு. தந்தமில்லாத ஆண் யானையை வனத்துறை அறிவிப்புகள் ‘மக்னா’ என்கின்றன. இது வடநாட்டிலிருந்து வந்த சொல். மலையாளத்தில் அது மோழ. தமிழில் கொம்பில்லாத மாட்டை மோழை என்பர். அந்தி மயங்கிய வேளையில், தந்தம் இல்லை என்பதால் பிடி என எண்ணி நெருங்குவோர் மதம் கொண்ட ஆண் யானையின் முன் நிற்க நேரலாம். மோழை என்று எழுதினால், மாடு வளர்த்த எவரும் அது கொம்பில்லாத ஆண் என்று அறிந்துகொள்வர். மக்னா என்று எழுதினால் அது இன்னொரு யானையின் பெயர் என்றே கருதுவர்.