அரை மில்லிமீட்டர் அலகு

நம் கல்லூரியில் படித்த யாருக்கும் ஃபிட்டிங் ஷாப் மறந்திருக்காது. ஜாப் அரை மில்லிமீட்டர் பிசகினால் மறுபடியும் அரத்தைக் கையில் எடுக்க வேண்டியதுதான். அதே அரை மில்லிமீட்டர் உயிரா சாவா என்று தீர்மானித்த இடம் ஒன்று உண்டு. அது ஈக்வடார் நாட்டைச் சேர்ந்த கலாபகோஸ் தீவுக்கூட்டத்தில் உள்ள டாஃப்னே மேஜர் என்ற எரிமலைத் திட்டு.

1835-ல் டார்வின் இத்தீவுக்கூட்டத்துக்குப் போனார். உயிரினங்கள் மாறுவது மிக மெதுவாக நடப்பது, மனித ஆயுளில் கண்ணால் பார்க்க முடியாது என்பது அவர் எண்ணம். 1973-ல் பீட்டர் கிரான்ட், ரோஸ்மேரி கிரான்ட் தம்பதியர் மாணவர்களுடன் இந்தத் திட்டில் இறங்கினார்கள். குடிதண்ணீர்கூட படகில்தான் வரவேண்டும். குருவிகளைப் பிடித்து, காலில் வண்ண வளையம் மாட்டி, காலிப்பரால் அலகை அளந்து விட்டுவிடுவார்கள். வருஷக்கணக்கில் இதே வேலை! (நம்ம ஊரில் இதற்கு யார் பணம் தருவார்கள், சொல்லுங்கள்?)

1976-ல் 127 மி.மீ. பெய்த மழைக்காலம், 1977-ல் வெறும் 24 மி.மீ. பெய்தது. சின்ன விதைகள் தீர்ந்துபோயின. மிச்சமிருந்ததில் முக்கியமானது, நம்ம நெருஞ்சிக்குப் பங்காளியான ஒரு செடியின் முள்காய். அதை உடைக்கத் தடித்த அலகு வேண்டும். நடுத்தரத் தரைக் குருவிகளில் சுமார் 85 சதவீதம் மடிந்தன. பிழைத்தவற்றின் அலகு, முன்பிருந்த சராசரியைவிட அரை மில்லிமீட்டர் தடிமன். அவற்றின் குஞ்சுகளும் அப்படியே பிறந்தன. பீட்டர் போக் என்ற மாணவரும் கிரான்டும் 1981-ல் 'சயன்ஸ்' இதழில் இதை வெளியிட்டார்கள்.

கவனியுங்கள், எந்தக் குருவியும் முயற்சி செய்து தன் அலகைத் தடிக்க வைக்கவில்லை. 'உயிரினங்கள் சூழலுக்கேற்பத் தகவமைத்துக்கொள்கின்றன' என்று பாடப்புத்தகம் ஒரே வரியில் முடித்துவிடும். அந்த வரிக்குள் ஏழில் ஆறு குருவி செத்துக் கிடக்கிறது. பருவநிலை மாறினால் இயற்கை தானே சரிசெய்துகொள்ளும் என்று பேசுகிறவர்களிடம் இந்தக் கணக்கைக் காட்ட வேண்டும்.

1983-ல் எல் நினோ வந்தது, மழை 1,300 மி.மீ.க்கு மேல் கொட்டித் தீர்த்தது. சின்ன விதைச் செடிகள் தீவை மூடின. அடுத்து வந்த வறட்சியில் சிற்றலகுக் குருவிகளே தப்பித்தன. இதற்கிடையில் 1982-ல் பெரிய தரைக் குருவி என்ற வேறோர் இனம் வந்து குடியேறியிருந்தது. 2004-05 வறட்சியில் நெருஞ்சிக் காய்களை அதுவே காலி செய்துவிட, 1977-ல் பிழைக்க வைத்த அதே தடித்த அலகுள்ளவைதான் இம்முறை அதிகம் செத்தன.