கார்த்திகை நட்சத்திரமும் உருளைக்கிழங்கும்

கார்த்திகை நட்சத்திரம் நம் எல்லோருக்கும் தெரியும். அறுமீன் என்றும் சொல்வோம். அதைப் பார்த்து உருளைக்கிழங்கு எப்போது நடுவது என்று முடிவு செய்கிற விவசாயிகள் பெருவிலும் பொலிவியாவிலும் இருக்கிறார்கள்!

ஆண்டீஸ் மலையின் உயரமான ஊர்கள் அவை. மழை அக்டோபரில் தொடங்கி மார்ச் வரை பெய்யும். உருளைக்கிழங்குக்கு வேர் ஆழமாகப் போகாது. நட்ட சமயத்தில் மழை பொய்த்தால் விதைக்கிழங்கும் போச்சு, அந்த வருடச் சாப்பாடும் போச்சு. அதனால் ஜூன் 24, புனித யோவான் திருநாளை ஒட்டிய இரவுகளில், கடுங்குளிரில் மலை ஏறி விடியலுக்கு முன் வானத்தைப் பார்க்கிறார்கள். கார்த்திகை பெரிதாக, பளிச்சென்று தெரிந்தால் நல்ல மழை. மங்கலாகத் தெரிந்தால் மழை தாமதம், எனவே நடவைச் சில வாரம் தள்ளிப் போடுகிறார்கள்.

இது எவ்வளவு பழைய வழக்கம்? சுமார் 1608இல் கெச்சுவா மொழியில் எழுதப்பட்ட வாரோச்சிரி கையெழுத்துப் பிரதியிலேயே இந்தக் குறிப்பு இருக்கிறது. இதில் ஒரு வேடிக்கை. அந்தப் பிரதியோடு தொடர்புடைய பாதிரியார் பிரான்சிஸ்கோ தே ஆவிலா, உள்ளூர் மக்களின் பழைய வழிபாடுகளை ஒழிக்கப் பாடுபட்டவர். ஒழிக்க நினைத்தவர் கையாலேயே அது பிழைத்துக் கிடந்தது :-)

கிராமத்து நம்பிக்கை எல்லாமே விஞ்ஞானம்தான் என்று அடித்துப் பேசுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. ஆனால் இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். பெஞ்சமின் ஓர்லோவ் என்ற மானிடவியலாளர், ஜான் சியாங், மார்க் கேன் என்ற இரண்டு தட்பவெப்ப ஆய்வாளர்களோடு சேர்ந்து 2000இல் நேச்சர் இதழில் ஒரு கட்டுரை எழுதினார். பசிபிக் கடல் சூடாகும் எல் நினோ வருடங்களில், ஜூன் மாதம் அந்த மலைகளுக்கு மேல் மிக உயரத்தில் மெல்லிய மேகம் கூடுதலாகப் படர்கிறது. வெறும் கண்ணுக்கு மேகம் என்றே தெரியாது. ஆனால் அடிவானத்துக்கு அருகில் இருக்கும் மங்கல் நட்சத்திரங்களை அது மறைத்துவிடும். அதே எல் நினோதான் பின்னால் வரும் மழையையும் குறைக்கிறது. செயற்கைக்கோள் தகவல்களை வைத்து இதைக் காட்டினார்கள்.

ஆக, அந்த விவசாயிகள் நட்சத்திரத்தைப் பார்ப்பதாக நினைத்து மேகத்தைத்தான் அளந்திருக்கிறார்கள். எல்லா வருடமும் பலிக்காது, எல்லா மழைக்குறைவுக்கும் எல் நினோ காரணமும் இல்லை. என்றாலும் மழைக்கு நாலு மாதம் முன்பே கிடைக்கிற தகவல் இது. இதே மார்க் கேன், ஸ்டீபன் செபியாக் என்பவரோடு சேர்ந்து, கணினி மாதிரி மூலம் எல் நினோவை முன்கூட்டிச் சொல்லும் முறையை வெளியிட்டது 1986இல்தான்.