வாக்கெடுப்பின்றி நிறைவேறியவை: ஜயந்த தனபாலவின் ஆயுதக்களைவுப் பணி குறித்துத் தென்கிழக்குக் கரையிலிருந்து ஒரு மதிப்பீடு

1995 மே 11ஆம் திகதி, நியூயோர்க்கிலுள்ள ஐக்கிய நாடுகள் தலைமையகத்தில், அணுவாயுதப் பரவல் தடை ஒப்பந்தம் காலவரையறையின்றி நீடிக்கப்பட்டது. மாநாட்டில் 175 நாடுகள் பங்குகொண்டிருந்தன. ஒப்பந்தத்தின் பத்தாம் உறுப்புரை பெரும்பான்மை முடிவையே கோரியது. ஆயினும் வாக்கெடுப்பு நடக்கவில்லை. தலைமையாசனத்தில் இருந்த இலங்கை இராஜதந்திரி ஜயந்த தனபால தீர்மானங்களை ஒன்றன்பின் ஒன்றாக முன்வைத்தார். மறுப்பு எழாததால் அவை நிறைவேறியவை ஆயின. இருபதாம் நூற்றாண்டின் கடைசிக் காற்பகுதியில் இலங்கையர் ஒருவர் உலக அரசியலில் செய்த மிகப் பெரிய காரியம் அதுவே என்று சொன்னால் மிகையாகாது.

அந்தக் காரியத்தின் திறமும் குறையும் ஒரே இடத்திலிருந்து பிறந்தவை என்பதே இக்கட்டுரையின் வாதம். யாரும் எதிர்க்காத நிலையை எல்லோரும் உடன்பட்ட நிலையாக மாற்றித் தரும் கலையில் தனபால தேர்ந்தவர். அந்தக் கலைக்கு ஒரு முன்நிபந்தனை உண்டு: மறுக்கக்கூடியவர் மண்டபத்துக்குள் இருக்க வேண்டும். 1995இல் அது இருந்தது. பத்து ஆண்டுகள் கழித்து, கல்முனை முதல் அக்கரைப்பற்று, பொத்துவில் வரையான கரையின் தலைவிதியைத் தொட்ட ஓர் ஆவணத்தில் அது இருக்கவில்லை.

வாழ்க்கைக் குறிப்பை விரைந்து கடக்கலாம். 1938 டிசம்பர் 30ஆம் திகதி பிறந்த தனபால, கண்டி திரித்துவக் கல்லூரியிலும் பேராதனையிலும் பயின்று, 1965இல் வெளிநாட்டுச் சேவையில் சேர்ந்தார். லண்டன், பீஜிங், வாஷிங்டன், புதுடில்லி எனப் பணியிடங்கள் மாறின. 1984இல் ஜெனீவாத் தூதுவரானதுடன் ஆயுதக்களைவு அவருடைய துறையாயிற்று. 1987 முதல் 1992 வரை ஐ.நா.வின் ஆயுதக்களைவு ஆராய்ச்சி நிறுவனத்தின் பணிப்பாளராக இருந்தார். பனிப்போர் முடிந்துகொண்டிருந்த ஆண்டுகள் அவை. வல்லரசுகளின் ஆவணங்களை ஆய்வாளனின் கண்ணால் படிக்கும் பழக்கத்தை அவர் அங்கே பெற்றார் என்று நான் கருதுகிறேன். வெறும் தூதுவராகவே இருந்திருந்தால் 1995இல் அவர் செய்ததைச் செய்திருக்க முடியாது.

அவர் வெற்றிடத்திலிருந்து வந்தவரும் அல்லர். இந்து சமுத்திரத்தைச் சமாதான வலயமாக அறிவிக்கக் கோரி 1971இல் ஐ.நா. பொதுச்சபைக்கு முன்மொழிவைக் கொண்டுசென்றது சிறிமாவோ பண்டாரநாயக்கவின் அரசு. ஷேர்லி அமரசிங்க போன்ற இராஜதந்திரிகள் அதை முன்னெடுத்தனர். தீர்மானம் நிறைவேறியது, தியாகோ கார்சியாவில் அமெரிக்கத் தளமும் வளர்ந்தது. சிறிய நாட்டின் தார்மீகக் குரல் பதிவேட்டில் ஏறும், கடலில் கப்பல்கள் தம் வழியே போகும் என்ற பாடத்தை இலங்கையின் வெளியுறவுத் தலைமுறை ஒன்று அதிலிருந்து கற்றது. வல்லரசுகளைக் கட்டுப்படுத்தாத தீர்மானத்தைவிட, அவை கையொப்பமிடும் அரைகுறை வாக்குறுதி மேல் என்ற தனபாலவின் நடைமுறை நோக்கு இந்தப் பின்னணியில் உருவானது.

1995க்கு வருவோம். 1970இல் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தத்துக்கு இருபத்தைந்து ஆண்டு நிறைந்திருந்தது. அதை நிரந்தரமாக்குவதா, குறித்த காலத்துக்கு மட்டும் நீடிப்பதா என்பதே கேள்வி. அணுவாயுத நாடுகள் ஐந்துக்கும் நிரந்தரமே வேண்டும். அணுவாயுதம் இல்லாத நாடுகள் பலவற்றின் கையில் இருந்த ஒரே பிடி அந்தக் காலவரையறைதான். அதை விட்டுக்கொடுத்தால் ஆறாம் உறுப்புரையின் ஆயுதக்களைவுக் கடப்பாட்டைப் பிறகு எதைக் காட்டிக் கேட்பது? இந்தோனேசியா போன்ற நாடுகள் இருபத்தைந்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கும் வழியை முன்வைத்தன. கனடா முன்வைத்த நிரந்தர நீடிப்புத் தீர்மானத்துக்கோ நூற்றுக்கு மேற்பட்ட நாடுகள் இணை அனுசரணை வழங்கின. வாக்கெடுத்திருந்தால் நிரந்தரம் வென்றிருக்கும். ஆனால் தோற்ற சிறுபான்மை ஒன்று ஒப்பந்தத்துக்குள்ளேயே மனக்கசப்புடன் இருந்திருக்கும்.

தனபால செய்தது இதுதான். முக்கிய நாடுகள் சிலவற்றைத் தலைவரின் கலந்தாலோசனைக் குழுவாகக் கூட்டினார். தென்னாபிரிக்கா முன்வைத்த கோட்பாடுகள், இலக்குகள் என்ற யோசனையை நீடிப்புடன் பிணைத்தார். மீளாய்வு நடைமுறையை வலுப்படுத்தும் தீர்மானம், கோட்பாடுகளும் இலக்குகளும் அடங்கிய தீர்மானம், நீடிப்புத் தீர்மானம் ஆகிய மூன்றும் ஒரு தொகுதியாயின. நீடிப்புத் தீர்மானத்தின் வாசகத்தைக் கவனிக்க வேண்டும்: நிரந்தர நீடிப்புக்குப் பெரும்பான்மை இருக்கிறது என்பதைப் பதிவு செய்து, அதன் அடிப்படையில் ஒப்பந்தம் தொடரும் என்று அது முடிவு செய்தது. எல்லோரும் விரும்புகிறோம் என்று எவரும் சொல்லத் தேவையில்லை. பெரும்பான்மை இருக்கிறது என்ற உண்மையை மறுக்காதிருந்தால் போதும். சட்டவரைஞனின் நுட்பம் இதைவிட மேலே போக முடியுமா என்று தெரியவில்லை.

நான்காவதாக ஒரு தீர்மானமும் இருந்தது. நம் பகுதி வாசகர் மறக்கக்கூடாதது அதுவே. மத்திய கிழக்கை அணுவாயுதமும் ஏனைய பேரழிவு ஆயுதங்களும் அற்ற வலயமாக்க வேண்டும் என்பது எகிப்து முன்னின்ற அரபு நாடுகளின் கோரிக்கை. இஸ்ரேலைப் பெயர் சொல்லிக் குறிக்க அவை விரும்பின. இறுதியில் அமெரிக்கா, பிரித்தானியா, ரஷ்யா ஆகிய மூன்றும் அனுசரணை வழங்கிய வாசகத்தில் பெயர் இல்லை; பிராந்திய நாடுகள் விதிவிலக்கின்றி ஒப்பந்தத்தில் சேர வேண்டும் என்ற பொதுச் சொற்களே இருந்தன. அரபு நாடுகளின் மௌனத்துக்குக் கொடுக்கப்பட்ட விலை அது. விலை இன்றுவரை முழுமையாகச் செலுத்தப்படவில்லை. 2010இல் உடன்பட்டபடி 2012இல் கூட வேண்டிய பிராந்திய மாநாடு கூடவில்லை. 2015 மீளாய்வு மாநாடு இதே விடயத்தில் முறிந்தது.

நீடிப்பு நிரந்தரமானது, சட்டரீதியாகப் பிணிப்பது. அதற்கு ஈடாகப் பெற்ற கோட்பாடுகளும் இலக்குகளும் அரசியல் வாக்குறுதிகள் மட்டுமே. நிரந்தரத்துடன் பொறுப்புக்கூறலும் சேர்ந்தே வந்தது எனத் தனபால பிற்காலத்தில் மீண்டும் மீண்டும் வலியுறுத்தினார். அந்த வலியுறுத்தலே, பொறுப்புக்கூறல் நடைபெறவில்லை என்பதன் சான்றாகவும் ஆகிவிட்டது. அவரைக் குறை சொல்வோர் தரப்பில் நியாயம் இல்லாமலில்லை: சிறிய நாடுகளின் ஒரே பிடியை அவற்றின் சம்மதத்துடனேயே தளர்த்தியவர் அவர். ஆனால் வாக்கெடுப்பு நடந்திருந்தாலும் அந்தப் பிடி போயிருக்கும். கோட்பாடுகளும் மத்திய கிழக்குத் தீர்மானமும் கூடக் கிடைத்திருக்குமா என்பது ஐயம். 1996இல் அணுப்பரிசோதனை முழுத்தடை ஒப்பந்தம் நிறைவேறியதற்கு 1995இன் வாக்குறுதி ஒரு காரணம். (இலங்கை அதில் 1996இலேயே கையொப்பமிட்டு, ஏற்புறுதி செய்ய 2023 வரை காத்திருந்தது. உலகுக்கு ஆயுதக்களைவு போதித்த நாட்டின் வேகம் இவ்வளவுதான்.)

இங்கே இன்னோர் இலங்கையரை அருகில் நிறுத்திப் பார்ப்பது பயன் தரும். 1996 ஜூலை 8ஆம் திகதி, அணுவாயுதப் பயன்பாட்டின் சட்டத்தன்மை பற்றிச் சர்வதேச நீதிமன்றம் ஆலோசனைக் கருத்து வழங்கியது. மையப் பந்தியில் நீதியரசர்கள் ஏழுக்கு ஏழு எனப் பிரிந்தனர். தலைவரின் தீர்மானிக்கும் வாக்கால் அது நிறைவேறியது. நாட்டின் உயிர்வாழ்வே ஆபத்தில் இருக்கும் உச்சநிலையில் என்ன என்ற கேள்வியை நீதிமன்றம் திறந்தே விட்டது. அந்த நீதியரசர்களில் ஒருவரான இலங்கையர் சி.ஜி. வீரமந்திரி அதை ஏற்கவில்லை. எந்தச் சூழ்நிலையிலும் அணுவாயுதப் பயன்பாடு சட்டவிரோதமே என்று நீண்ட மாறுபட்ட தீர்ப்பு எழுதினார். இந்து, பௌத்த, கிறிஸ்தவ, இஸ்லாமிய மரபுகளின் போர்நெறிகளை அதற்குத் துணைக்கழைத்தார். இஸ்லாமியச் சட்டவியல் பற்றி 1988இலேயே நூல் எழுதியவருக்கு அது அலங்கார மேற்கோள் அன்று.

ஓராண்டு இடைவெளியில் இரண்டு இலங்கையர், இரண்டு முறைகள். ஒருவர் கருத்து வேறுபாட்டை வாசகத்துக்குள் கரைத்தார். மற்றவர் அதைப் பதிவேட்டில் நிறுத்தினார். தனபாலவின் ஆவணம் உடனே நடைமுறைக்கு வந்தது. வீரமந்திரியின் வாதமோ பின்னர் அணுவாயுதத் தடைக்காக உழைத்தோருக்குக் கருவியாயிற்று. 2005, 2015, 2022 ஆகிய மீளாய்வு மாநாடுகள் ஒருமித்த முடிவு எட்டாமலே கலைந்தன. அணுவாயுதத் தடை ஒப்பந்தம் 2017 ஜூலை 7ஆம் திகதி வாக்கெடுப்பால், 122 வாக்குகளுடன் நிறைவேறியது. கருத்தொருமிப்புக்காகக் காத்திருந்த நாடுகள் கடைசியில் வாக்கைத் தேடிப் போயின என்பது தனபாலவின் முறைக்கு வரலாறு அளித்த கடுமையான மறுமொழி. அந்த ஒப்பந்தத்தில் இலங்கை இணைந்தது 2023 செப்டெம்பரில். தனபால அதே ஆண்டு மே 27ஆம் திகதி காலமாகியிருந்தார்.

1998 முதல் 2003 வரை அவர் ஐ.நா.வில் ஆயுதக்களைவு விவகாரங்களுக்கான துணைச் செயலாளர் நாயகமாக இருந்தார். அந்த ஆண்டுகளில் அணுவாயுதத்தைவிடச் சிற்றாயுதமே நம் கரைக்கு நெருக்கமான விடயம். 1997இல் அல்பேனியாவில் அரசு குலைந்து ஆயுதக் களஞ்சியங்கள் சூறையாடப்பட்டன. அடுத்த ஆண்டு தனபால தலைமையில் அங்கு சென்ற குழுவின் வழியே கிராம்ஷ் மாவட்டத்தில் ஒரு முன்னோடித் திட்டம் உருவானது: துப்பாக்கியை ஒப்படைப்பவருக்குத் தனியாகப் பணம் இல்லை, ஊருக்கு வீதியும் தொலைபேசியும் போன்ற பொது வசதிகள். ஆயுதத்தைக் கைவிடுவது தனிமனிதனின் வியாபாரமாக இல்லாமல் ஊரின் முடிவாக ஆனது. 2001இல் சிற்றாயுதங்கள் பற்றிய ஐ.நா. செயற்திட்டம் நிறைவேறியதும் அவருடைய காலத்திலேயே. கிராம்ஷின் படிப்பினை எளிது: துப்பாக்கியுடன் வாழும் ஊரையே தரப்பாக எண்ண வேண்டும்.

2002 பெப்ரவரி 22ஆம் திகதிய யுத்தநிறுத்த உடன்படிக்கை அப்படி எண்ணவில்லை. அரசும் புலிகளும் ஒப்பமிட்ட அந்த ஆவணத்தின் முன்னுரை, மோதலில் நேரடித் தரப்பல்லாத முஸ்லிம்களும் பாதிக்கப்படுவதை ஒப்புக்கொள்கிறது. செயற்பாட்டு உறுப்புரைகளுக்கு வந்தால், தமிழ்த் துணைப்படைகளின் ஆயுதம் களைவதற்கு 1.8ஆம் பிரிவு இருக்கிறது. முஸ்லிம் ஊர்களின் பாதுகாப்புக்குத் தனிப் பொறிமுறை இல்லை. முன்னுரையில் இடம் கிடைத்தவர்களுக்கு உறுப்புரையில் இடமில்லை. 2003 ஜனவரியில் ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழக மாணவர் வெளியிட்ட ஒலுவில் பிரகடனத்தை இந்த இடைவெளிக்கான பதிலாகப் படிக்கலாம். மண்டபத்துக்குள் அழைக்கப்படாதவர்கள் வெளியே எழுதிய மாறுபட்ட தீர்ப்பு அது.

2004இல் தனபால அரசின் சமாதானச் செயலகத்தின் செயலாளர் நாயகமானார். அவ்வாண்டு டிசம்பர் 26ஆம் திகதி கடல் எழுந்தது. நாட்டில் மிக அதிக உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம், பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர். சாய்ந்தமருதும் மருதமுனையும் கல்முனையும் எப்படி இருந்தன என்று இங்கே எவருக்கும் சொல்ல வேண்டியதில்லை. நிவாரணத்தைப் பகிர்வதற்காக அரசும் புலிகளும் 2005 ஜூன் 24ஆம் திகதி ஒப்பமிட்ட சுனாமிப் பொதுக்கட்டமைப்பில், பிராந்தியக் குழுவின் பத்து ஆசனங்களில் மூன்று முஸ்லிம்களுக்கு, ஐந்து புலிகளுக்கு, இரண்டு அரசுக்கு. அதன் நடுவம் கிளிநொச்சி. முஸ்லிம் தரப்பு ஒப்பமிடவில்லை, ஒப்பமிட அழைக்கப்படவும் இல்லை. ஜூலை 15ஆம் திகதி உயர் நீதிமன்றம் அதன் முக்கிய பிரிவுகளுக்கு இடைக்காலத் தடை விதித்தது. வாய்க்காலின் கடைசியில் காணி உள்ளவனை விட்டுவிட்டு ஆரம்பக் கூட்டம் நடத்தி, அவனுக்கும் சேர்த்துத் தண்ணீர்த் திகதி குறித்தது போலத்தான் அந்த ஏற்பாடு இருந்தது.

ஆசனம் கொடுத்தார்களே, ஒப்பம் ஏன் என்று கேட்கலாம். ஆசனம் பங்கு, ஒப்பம் மறுக்கும் உரிமை. சுனாமியில் வீடிழந்தோருக்காக நுரைச்சோலையில் சவூதி உதவியுடன் கட்டப்பட்ட 500 வீடுகளின் கதையும் இதற்குத் தொலைவானதன்று. உயர் நீதிமன்றம் 2009இல் வீடுகளை இன விகிதாசாரப்படி பங்கிடப் பணித்தது. வீடுகள் ஆண்டுக்கணக்கில் பூட்டிக் கிடந்தன. ஒதுக்கீட்டின் அடிப்படை பற்றிச் சம்பந்தப்பட்ட எல்லோருடனும் முன்கூட்டியே இணங்காத திட்டங்கள் கடைசியில் நீதிமன்றத்தில்தான் முடிகின்றன.

இன்னோர் எதிர்வாதம் கனமானது: முஸ்லிம் அரசியல் பிளவுண்டிருந்தது, எவரை அழைப்பது? தலைவர் எம்.எச்.எம். அஷ்ரப் 2000 செப்டெம்பரில் மறைந்த பின் முஸ்லிம் காங்கிரஸ் கட்சி உடைந்தது உண்மை; அக்கரைப்பற்றே அந்த உடைவின் ஒரு தளம். ஆனால் 1995இல் அணிசேரா நாடுகளும் ஒன்றுபட்டிருக்கவில்லை. அந்த ஏப்ரலில் பண்டுங்கில் கூடிய அவற்றின் அமைச்சர்களாலும் நீடிப்புப் பற்றிப் பொது நிலைப்பாடு எடுக்க முடியவில்லை. தனபால அந்தப் பிளவை அவர்களை வெளியே நிறுத்தக் காரணமாக்கவில்லை. பிளவுண்டவர்களுடன் தனித்தனியே பேசி ஒவ்வொருவரும் எதிர்க்காத வாசகம் ஒன்றைத் தேடினார்.

ஆகவே கேள்வி அவருடைய திறமை பற்றியதன்று. அவர் அமர்ந்த இடம் பற்றியது. 1995இல் அவர் எல்லாத் தரப்பும் ஏற்ற தலைவர். 2005இலோ ஒரு தரப்பின் அதிகாரி. அரசுக்குள்ளேயே அவருக்கு ஆதரவு சிதைந்துகொண்டிருந்தது. பொதுக்கட்டமைப்பை எதிர்த்து மக்கள் விடுதலை முன்னணி ஒப்பமிடலுக்கு முன்னரே அரசை விட்டு விலகியது. நவம்பர் 17ஆம் திகதி ஜனாதிபதித் தேர்தல். மறுநாள் அதிகாலை அக்கரைப்பற்றுப் பள்ளிவாசலில் தொழுகையில் இருந்தவர்கள் மீது கைக்குண்டு வீசப்பட்டது, உயிர்கள் போயின. ஆட்சி மாற்றத்துடன் தனபாலவும் செயலகத்திலிருந்து வெளியேறினார். மூன்றாம் தரப்பை மேசைக்கு அழைக்கும்படி இரு தரப்பிடமும் கேட்கக்கூடிய இடத்தில், 2002 தொடக்கம் 2005 முழுவதும், சமாதானப் பேச்சின் அனுசரணையாளராக இருந்தது நோர்வே.