தேரிக்காட்டுப் பனையேறியின் முதுகெலும்பு

ஆஸ்திரேலியாவின் உள்நாட்டுப் பாலைவனப் படங்களைப் பார்த்திருப்பீங்க. சிவப்பு மணல் மேடு, ஆள் அரவம் இல்லாத வெளி, தூரத்தில் ஒற்றை மரம். அந்தப் படத்தை எடுக்க நமக்கு பாஸ்போர்ட் தேவையில்லை. மில்லர்புரத்திலிருந்து வண்டியை எடுத்தால் திருச்செந்தூர் ஒரு மணி நேரம். அங்கிருந்து காயாமொழி பக்கம் திரும்பினால் தேரிக்காடு வந்துவிடும்.

இப்போ எல்லாரும் ரீல்ஸ் எடுக்கிற இடம் அது. "மினி சஹாரா"ன்னு தலைப்பு வேற. ஆனால் சஹாரா மாதிரி ஆளில்லாத இடமாக தேரி எப்போதுமே இருந்ததில்லை. அங்கே பெரிய ஜனத்திரளே பிழைத்தது. எப்படிப் பிழைத்தது, அதற்கு உடம்பால் என்ன விலை கொடுத்தது என்பதுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

முதலில் மண்ணு. குதிரைமொழித் தேரி மட்டுமே ஏறத்தாழ 12,000 ஏக்கர். சாயர்புரம், மெஞ்ஞானபுரம், இடையன்குடின்னு தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களின் கடலோரத்தில் இந்த மாதிரி மேடுகள் திட்டுத்திட்டாக இருக்கு. மணல் துகள் மேலே இரும்பு ஆக்சைடு படிந்திருப்பதால் இந்தச் சிவப்பு. ஆஸ்திரேலிய மணலும் இதே காரணத்தால்தான் சிவப்பு. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியா வருகிற ஆடிக்காற்று இந்த மணலை அள்ளி அள்ளி இடம் மாற்றும்.

ஒரு வித்தியாசம் சொல்லணும். ஆஸ்திரேலியாவின் சிம்ப்சன் பாலைவனத்தில் ஆண்டு மழை 150 மில்லிமீட்டர் அளவுதான். நம்ம தூத்துக்குடியில் அதைப்போல நாலு மடங்கு பெய்யும். பெய்கிற மழை ஓடாமல் நேரா மணலுக்குள்ளே இறங்கிடும். மேலே பார்த்தால் பாலைவனம், கீழே ஈரம். அதனால்தான் தேரிக்குள்ளே அருஞ்சுனை காத்த அய்யனார் கோயிலில் சுனை இருக்கு. அந்தத் தண்ணியைத் தேடி மனுஷன் இங்கே ரொம்ப காலமாவே வந்திருக்கான். 1956-ல் ஸாய்னர், ஆல்ச்சின் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இந்தத் தேரிகளில் கிடைத்த நுண்கற்கருவிகளைப் பற்றி எழுதினாங்க. ஏறத்தாழ 6,000 ஆண்டு பழமைன்னு அவங்க கணக்கு.

அந்த ஆழத்து ஈரத்தை உறிஞ்சத் தெரிந்த மரம் பனை. நெல்லுக்கு வழியில்லாத மண்ணில் சோறு போட்டது அதுதான்.

பனையேற்றம்னா என்னன்னு நகரத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாது, அதனால் விளக்கமாவே சொல்றேன். பங்குனி வாக்கில் தொடங்கி ஆடி, ஆவணி வரைக்கும் பதனி சீசன். விடியறதுக்கு முன்னாடியே பனையேறி கிளம்பிடுவார். இடுப்பில் அருவாப்பெட்டி, காலில் தளைநார், மரத்தில் சாத்தி முதல் அடி வைக்க முருக்குத்தடி. மேலே போய் பாளையின் நுனியை மெல்லிசா சீவி, கலயத்தில் சேர்ந்திருக்கிற பதனியை எடுத்து, கள்ளாகப் புளிக்காமல் இருக்க கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவி, திரும்பக் கட்டிட்டு இறங்கணும். அடுத்த மரம். சாயந்திரம் மறுபடியும் அதே மரங்கள்.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். ஒரு ஆளுக்கு 30 மரம், மரம் சராசரி 50 அடி, ஒரு நாளைக்கு ரெண்டு தடவை. மொத்தம் 3,000 அடி. துபாயின் புர்ஜ் கலீஃபா 828 மீட்டர். நம்ம பனையேறி தினமும் அதைவிட அதிக உயரம், லிஃப்ட் இல்லாமல், மரத்தை நெஞ்சோட கட்டிப்பிடிச்சு ஏறி இறங்கியிருக்கார். பழைய பனையேறிகளைப் பரிசோதிக்கும்போது சட்டையைக் கழற்றச் சொன்னாலே தொழில் தெரிஞ்சிடும். நெஞ்சு நடுவிலும் உள்ளங்கையிலும் கணுக்காலிலும் தோல் காய்ப்புக் காய்ச்சிருக்கும்.

இதில் லீவு கிடையாது. பாளையைத் தினமும் சீவலைன்னா வெட்டுவாய் காய்ஞ்சு ஊறல் நின்னுடும். மூணு நாள் காய்ச்சல்னு படுத்தால் அந்தப் பாளையின் மிச்ச வருமானமும் போச்சு. மரம் பல இடங்களில் சொந்தமும் இல்லை, பாட்டத்துக்கு எடுத்தது. வியாபாரிகிட்ட முன்பணம் வாங்கியிருப்பாங்க, அதைக் கருப்பட்டியாகத் திருப்பிக் கொடுக்கணும். 102 டிகிரி ஜுரத்தோட ஒருத்தர் ஏன் மரம் ஏறினார்னு யாராவது கேட்டால் இதுதான் பதில்.

வீட்டுப் பெண்களின் வேலை அதுக்கப்புறம் ஆரம்பிக்கும். பதனியைச் சுமந்துட்டு வந்து, விடிலிக்குள்ளே பெரிய சட்டியில் ஊத்தி, மணிக்கணக்கா காய்ச்சி, பதம் பார்த்து, சிரட்டையில் ஊத்தணும். விடிலின்னா ஓலைக்குடிசை. எரிக்கிறது சுள்ளியும் பனமட்டையும். வாழ்க்கையில் ஒரு பீடி பிடிக்காத அறுபது வயது அம்மா, இருபது வருஷமா பீடி பிடிச்ச ஆம்பிளையின் நுரையீரலோட வந்து நிற்பாங்க. "ஆஸ்துமாவா டாக்டர்?"னு கேட்பாங்க. விறகுப் புகையை வருஷக்கணக்கில் சுவாசித்தால் வருகிற நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் அது. கருப்பட்டிக் காபியின் புகழ் பாடுகிற பதிவுகள் நூறு படிச்சிருக்கேன், இந்த இருமலைப் பற்றி ஒன்றுகூட எழுதவில்லை.

இப்போ விழுகிற விஷயத்துக்கு வர்றேன்.

மழையில் நனைந்த மரம் வழுக்கும். மேலே கதண்டு கூடு இருக்கும். கருக்குமட்டை பிடிக்கும்போது முறியும். 50 அடியிலிருந்து ஆள் பெரும்பாலும் கால் ஊன்றி விழுவார், இல்லைன்னா உட்கார்ந்த வாக்கில். அந்த விசை குதிகாலில் தொடங்கி நேரா முதுகெலும்புக்கு ஏறும். எம்பிபிஎஸ் மாணவனுக்கு நாங்க சொல்லிக்கொடுக்கிற பாடம் இது: உயரத்திலிருந்து விழுந்தவருக்குக் குதிகால் எலும்பு நொறுங்கியிருந்தால், வலிக்கலைன்னு அவரே சொன்னாலும் முதுகுக்கு எக்ஸ்ரே எடு. நெஞ்சுப் பகுதி முடிந்து இடுப்புப் பகுதி தொடங்குகிற இடத்தில் எலும்பு நொறுங்கி, சில்லு பின்னாடி போய்த் தண்டுவடத்தை நசுக்கினால் இடுப்புக்குக் கீழே உணர்வும் இல்லை, சிறுநீர்க் கட்டுப்பாடும் இல்லை.

அந்தக் காலத்தில் இப்படி விழுந்தவருக்கு என்ன ஆகியிருக்கும்?

இங்கே ஆஸ்திரேலியாவை மறுபடியும் கூப்பிடணும். 1917-ல் ஹால்ஸ் கிரீக் என்ற பாலைவன ஊர்ப்பக்கம் ஜிம்மி டார்சி என்ற மாடு மேய்ப்பவர் குதிரையிலிருந்து விழுந்து உள்காயம் பட்டார். டாக்டர் இருந்தது ரெண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் தள்ளி பெர்த்தில். உள்ளூர் போஸ்ட்மாஸ்டர் டக்கெட், டாக்டர் ஹாலண்ட் தந்தி வழியா சொல்லச் சொல்ல, மயக்க மருந்து இல்லாமல் சவரக்கத்தியும் பேனாக்கத்தியும் வைத்து அறுவை செய்தார். ஹாலண்டும் கப்பல், கார், குதிரைன்னு பல நாள் பயணம் செய்து போய்ச் சேர்ந்தார். டார்சி அதற்கு முந்தின நாள் இறந்துவிட்டார். நாடே அந்தச் செய்தியைப் பின்தொடர்ந்தது. 1928 மே 17 அன்று ஜான் ஃப்ளின் என்ற பாதிரியார் முயற்சியில் குளோன்கரியிலிருந்து முதல் மருத்துவ விமானம் பறந்தது. பறக்கும் டாக்டர் சேவை இன்றும் இருக்கு.

தேரிக்காரனுக்கு ரெண்டாயிரம் கிலோமீட்டர் பிரச்சினை இல்லை. கடலே கூப்பிடு தூரம். ஆனால் கூப்பிட்டு வர ஆள் இல்லை. ராபர்ட் கால்டுவெல் 1841-ல் இடையன்குடிக்கு வந்து, 1849-ல் பனையேறிகளைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அதில் அந்த மக்களைப் பற்றி இழிவாக மதிப்பிட்டது பெரும் கோபத்தைக் கிளப்பியது. நாசரேத் பகுதி அருமைநாயகம் சட்டாம்பிள்ளை 1857-ல் வெள்ளைக்காரப் பாதிரிமாரை விட்டு விலகித் தனித் திருச்சபையே தொடங்கினார். அந்தக் கோபம் நியாயமானதுன்னுதான் நான் நினைக்கிறேன். தினமும் 3,000 அடி ஏறுகிற கூட்டத்தின் புத்தியைக் கீழே நின்று அளக்கிறது சுலபம். நாசரேத்தில் டாக்டர் ஸ்ட்ராக்கன் மருத்துவப் பணியைத் தொடங்கியது 1870-ல்.

ஆஸ்பத்திரி பக்கத்திலேயே இருந்திருந்தாலும் பெரிசா ஒண்ணும் செய்திருக்க முடியாது என்பதையும் சொல்லணும். முதல் உலகப்போரில் தண்டுவடம் முறிந்த வெள்ளைக்காரச் சிப்பாய்களிலேயே பெரும்பாலோர் சீக்கிரம் செத்துப்போனாங்க. கொன்றது படுக்கைப்புண்ணும் சிறுநீர்த் தொற்றும். 1944-ல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் லுட்விக் குட்மன் என்ற டாக்டர் ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் நோயாளியைப் புரட்டிப்போடு, சிறுநீர்ப்பையைச் சுத்தமாப் பார்த்துக்கோ, உட்கார வை, வேலை கொடு என்று பிடிவாதமாகச் செய்த பிறகுதான் இவங்க வருஷக்கணக்கில் வாழ ஆரம்பிச்சாங்க. பாராலிம்பிக்ஸ் பிறந்ததும் அங்கேதான். நம்ம பக்கத்தில் ஆய்க்குடி அமர் சேவா சங்கம் இருக்கு. 1975-ல் கடற்படைத் தேர்வின்போது விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981-ல் தொடங்கியது. இன்று முதுகு உடைந்த ஒரு பனையேறிக்கு நான் முதலில் சொல்கிற முகவரி அதுதான்.

பனை 1978 முதல் தமிழ்நாட்டின் மாநில மரம். கலெக்டர் அனுமதி இல்லாமல் பனையை வெட்டக்கூடாதுன்னு 2021-ல் அறிவிப்பும் வந்தது. நல்லது. ஆனால் மரத்துக்குப் பக்கத்தில் மனுஷன் குறைஞ்சுட்டான். பனையேறி வீட்டில் பையன் இருந்தால் அவன் ஹார்பரிலோ வளைகுடாவிலோ இருப்பான். "என் கையோட இது முடியட்டும் சார்"னு அப்பாவே சொல்வார். தேரியில் முந்திரியும் முருங்கையும் வந்தாச்சு. கடலோரக் கிணறுகளில் உப்பு ஏறியாச்சு. 2024 பிப்ரவரியில் குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளத்துக்கு அடிக்கல்லும் நாட்டியாச்சு.

இன்னும் ஏறுகிறவங்க இருக்காங்க, அடுத்த சீசனும் வரும். அதனால் படிக்கிறவங்க இதை மட்டும் கவனிங்க. மரத்திலிருந்து விழுந்தவரைக் கையையும் காலையும் பிடிச்சுத் தூக்காதீங்க. உட்கார வைத்துத் தண்ணி கொடுக்காதீங்க. பைக்கில் நடுவில் உட்கார வைத்துக் கொண்டுவரவே கூடாது. விழும்போது உடையாத தண்டுவடம் அந்தப் பயணத்தில் நசுங்கி, கால் போனவங்க உண்டு. 108-க்குக் கூப்பிடுங்க. வண்டி தேரி மணலுக்குள் வராதுன்னு சொன்னால், நாலு பேர் சேர்ந்து தலை, கழுத்து, இடுப்பு எல்லாம் ஒரே கோட்டில் இருக்கிற மாதிரி ஒரே நேரத்தில் புரட்டி, வீட்டுக் கதவைக் கழற்றி அதில் படுக்க வைத்துக் கட்டி, ரோடு வரைக்கும் தூக்கிட்டு வாங்க.